டைனமோவிலிருந்து பெடெலெக் வரை



பழைய சைக்கிள்களைப் பற்றி இந்த வானொலியில் பேசிய நாளிலிருந்து எனக்கு வருகின்ற தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அண்ணை, வேலைக்குப் போறதுக்கு ஒரு ஈ-பைக் வாங்கலாமெண்டு இருக்கிறன். எது நல்லது?" ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுடைய கேள்வி வேறு. "25க்கு மேல மோட்டர் இழுக்குதில்லை. அந்தக் கட்டுப்பாட்டைக் கழட்டிவிட ஏதும் வழி இருக்கோ?" இந்த இரண்டாவது கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. அந்த 25 என்ற இலக்கம் யாரோ ஒரு கம்பனிக்காரன் எழுந்தமானமாகப் போட்டதல்ல. அதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் எதை வாங்குவது, எதை மாற்றுவது, எதில் கை வைக்கவே கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே விளங்கும்.

சைக்கிளையும் மின்சாரத்தையும் சேர்த்துப் பார்த்த அனுபவம் எங்களுக்கு ஜேர்மனிக்கு வந்து கிடைத்ததல்ல. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைப்பட்ட பொருட்களில் பெற்றோலும் ஒன்று, பற்றறியும் ஒன்று. கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வானொலிக்கு என்ன செய்வது? சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, அல்லது தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து வானொலிக்குக் கொடுத்தோம். டைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேராக்கிக் கொடுக்க டயோட் பிடிக்கத் தெரிந்த பெடியன் ஒழுங்கைக்கு ஒருவனாவது இருந்தான். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துகொண்டே போகும். உள்ளேயிருந்து அப்பு "சுத்தடா" என்பார்.

அந்தச் சிறிய போத்தல் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். இந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உடல்நிலையுள்ள ஒருவர் களைக்காமல் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து மிதித்தால் அவருடைய கால்கள் தருவது 75 முதல் 100 வாற் வரை. இன்றைக்கு இங்கே கடையில் நிற்கும் ஈ-பைக்கின் மோட்டருக்குச் சட்டம் அனுமதிப்பது, தொடர்ச்சியான வலு 250 வாற். மேட்டில் ஏறும்போது உங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து மிதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் சைக்கிள் எங்களுக்கு வெறும் போக்குவரத்துச் சாதனமாக இருக்கவில்லை. வன்னியிலிருந்து விறகும் அரிசியும் வந்தது சைக்கிளில். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சைக்கிளில். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது, கரியரில் மூட்டையும் ஹான்டிலில் வாளியும் பாரில் பிள்ளையுமாக எத்தனை ஆயிரம் சைக்கிள்கள் உருட்டப்பட்டன என்று யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. அன்று அதை ஓட்ட இடமில்லை, உருட்டத்தான் முடிந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் படம் பார்த்தது போலக் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

1996 இல் நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது கையில் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. அது இங்கே ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது; பிறகு எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் மறுபடி எடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையை ஜேர்மன் தவிர வேறு பன்னிரண்டு மொழிகளிலும் இன்று எழுதலாம். அந்தப் பன்னிரண்டில் தமிழ் இல்லை. ஹைமில் இருந்த காலத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் எல்லையைத் தாண்டிப் போவதற்கும் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு வேலை கிடைத்தது. அதுவும் விடியப்புறம் நாலரைக்குத் தொடங்கும் துப்புரவு வேலை. அந்த நேரத்தில் பஸ் இல்லை. வீதியோரம் வீட்டுக்காரர் கழித்துவிட்ட பொருட்களோடு கிடந்த ஒரு பழைய சைக்கிளை எடுத்துத் திருத்தி ஓடினேன். எங்கள் ஆட்களில் அந்தத் தலைமுறையினர் பலருக்கு ஜேர்மனியின் முதல் வாகனம் இதுதான். ஒரு நாள் பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, லைற் எரியவில்லை என்று எச்சரித்தார். 2013 ஓகஸ்ட் வரை இந்த நாட்டில் சாதாரண சைக்கிளுக்கு 3 வாற் டைனமோ கட்டாயம் என்பது சட்டம். அதே மூன்று வாற்! யாழ்ப்பாணத்தில் செய்தி கேட்கச் சுற்றியதை இங்கே சட்டத்துக்காகச் சுற்றினேன்.

நான் ஓடிய அந்த வாகனத்தின் மூலமே இந்த நாடுதான் என்பது பிறகு வாசித்துத்தான் தெரியும். 1817 ஜூன் 12 அன்று கார்ல் டிறைஸ் என்பவர் மன்ஹைம் நகரிலிருந்து ஷ்வெற்சிங்கன் திசையில், தபால் குதிரைகள் மாற்றுமிடம் வரை, இரண்டு மரச் சில்லுகள் பூட்டிய ஓர் 'ஓடும் பொறி'யில் போய்த் திரும்பினார். பெடல் கிடையாது. நிலத்தில் காலை உதைத்து உதைத்துத்தான் போக வேண்டும். அதே வருடம் டிசம்பரில் மன்ஹைம் நகரம் நடைபாதையில் அதை ஓடுவதற்குத் தடை விதித்துவிட்டது. வாகனம் பிறந்து ஆறு மாதத்துக்குள் சட்டமும் பிறந்துவிட்டது. இருநூறு வருடங்களாக சைக்கிளின் கதை இப்படித்தான்: ஒருவர் ஒன்றைக் கண்டுபிடிப்பார், அது எங்கே ஓடலாம், யார் ஓடலாம் என்று இன்னொருவர் கோடு போடுவார்.

பெடல் 1860களில் பிரான்சில் வந்தது. இன்றைய வடிவமுள்ள, செயின் பூட்டிய சைக்கிள் 1885 இல் இங்கிலாந்தில் வந்தது. காற்றடித்த ரயர் 1888 இல் டன்லொப்பினால் வந்தது. அது வந்து ஏழே வருடத்தில், 1895 கடைசி நாளில், அமெரிக்காவில் ஒக்டன் போல்ற்றன் என்பவர் பின்சில்லின் நடுவில் மோட்டர் பூட்டிய சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். 1897 இல் ஹொசியா லிபி என்ற இன்னொருவர் மோட்டரைப் பெடல் அச்சின் பக்கம் கொண்டுவந்தார். இன்றைக்குக் கடைக்காரர் உங்களிடம் "சில்லு மோட்டரோ, நடு மோட்டரோ?" என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வியின் வயது நூற்றியிருபத்தைந்துக்கு மேல்.

அப்படியென்றால் ஏன் எங்கள் பாட்டன்மார் ஈ-பைக்கில் போகவில்லை? காரணம் பற்றறி. ஈயப் பற்றறியைச் சுமந்துகொண்டு போவதைவிடச் சும்மா மிதிப்பது இலகு. 1930களில் ஒல்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனம் ஒரு முயற்சி செய்தது. அதுவும் நிலைக்கவில்லை. பெற்றோல் மலிந்தது, கார் வந்தது, சைக்கிள் ஏழையின் வாகனமாயிற்று.

அடுத்த பெரிய திருப்பம் பற்றறியில் நடக்கவில்லை, ஒரு யோசனையில் நடந்தது. மோட்டர் ஆளை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. ஆள் மிதிக்கும்போது மட்டும் உதவினால் போதும் என்பதே அந்த யோசனை. 1982 இல் இங்கே ஜேர்மனியில் எகோன் கெல்ஹார்ட் இந்த முறையில் ஒரு சைக்கிளை உருவாக்கினார். சுவிற்சர்லாந்தில் மிக்கேல் குட்டர் 1989 இல் தன்னுடைய மாதிரியைச் செய்து, 1992 இல் 'டொல்பின்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார். ஆனால் இதைச் சாதாரண சனத்திடம் கொண்டுபோனது யப்பானின் யமஹா. 1993 இல் வந்த அவர்களுடைய சைக்கிளில் பெடல் அச்சோடு ஓர் உணரி இருந்தது. உங்கள் கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று அது அளக்கும். அதே அளவு பலத்தை மோட்டர் சேர்த்துக் கொடுக்கும். நீங்கள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். வேகம் கூடக் கூட உதவி குறைந்து, 24 கிலோமீற்றரில் முற்றாக நின்றுவிடும். கைப்பிடியில் முறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. எனவே யப்பானியச் சட்டத்தின் முன்னால் அது சைக்கிள்தான், மோட்டார் சைக்கிள் அல்ல. அனுமதிப்பத்திரம் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் எங்கள் கதைக்கு வேண்டிய முக்கியமான விடயம் இருக்கிறது. ஈ-பைக்கை வெற்றியடையச் செய்தது அதன் பலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அது தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொண்டதால்தான் வென்றது. மட்டுப்படுத்திக்கொண்டதால் சைக்கிள் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. அந்தப் பெயரோடு சைக்கிளுக்குரிய சுதந்திரங்கள் எல்லாம் சேர்ந்து வந்தன.

ஐரோப்பாவில் அந்தக் கோட்டைப் போட்டது 2002 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/24 இலக்கப் பணிப்புரை. மிதித்தால் மட்டும் உதவும், தொடர்வலு 250 வாற்றுக்கு மேற்படாத, மணிக்கு 25 கிலோமீற்றரில் உதவி நின்றுவிடுகின்ற சைக்கிள்கள் மோட்டர் வாகனங்களுக்குரிய அங்கீகார விதிகளிலிருந்து விலக்கப்பட்டன. 25 என்பது ஜேர்மன்காரருக்குப் பழகிய இலக்கம். இங்கே 'மோபா' என்று சொல்லப்படும் சிறிய மோட்டர் வண்டிக்கும் அதே வேக எல்லைதான். ஆனால் மோபாவுக்குக் காப்புறுதித் தகடு வேண்டும், ஹெல்மெற் வேண்டும், 1965 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்தவராயின் பரீட்சைச் சான்றிதழும் வேண்டும். மிதித்து ஓடும் இந்தப் புதிய வண்டிக்கு அவை ஒன்றும் வேண்டாம். 2013 ஜூனில் ஜேர்மன் வீதிப் போக்குவரத்துச் சட்டத்திலேயே இதை வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது 6 கிலோமீற்றர் வேகம் வரை மோட்டர் உதவலாம் என்ற சலுகையும் அதில் சேர்ந்தது. நிலக்கீழ் அறையிலிருந்து சாய்வுப் பாதையில் 25 கிலோ வண்டியைத் தள்ளி ஏற்றுபவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

'பெடெலெக்' என்ற சொல்லும் இங்கே பிறந்ததுதான். சுசான புரூஷ் என்ற மாணவி 1999 இல் தன்னுடைய பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய சொல் அது. ஊரில் சனம் ஈ-பைக் என்றுதான் சொல்லுகிறது. சட்டம் பேசும்போது மட்டும் பெடெலெக் என்ற சொல் வேண்டியிருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. லித்தியம் அயன் பற்றறியை முதலில் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது 1991 இல் சொனி. சின்னக் கமராக்களிலும் தொலைபேசிகளிலும் வளர்ந்த அந்தப் பற்றறி சைக்கிளுக்கும் வந்தது. கார்ப் பாகங்கள் செய்துகொண்டிருந்த பொஷ் நிறுவனம் 2009 இல் ஈ-பைக் பிரிவைத் தொடங்கி 2010 இல் தன் மோட்டரைக் காட்சிக்கு வைத்தது. 2009 இல் ஜேர்மனியில் விற்றவை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். 2023 இல் விற்றவை 21 இலட்சம். அந்த வருடம்தான் முதல் தடவையாக, விற்பனையான சைக்கிள்களில் பாதிக்கு மேல், 53 வீதம், மின் சைக்கிள்களாக இருந்தன. 'வயதான ஆக்களின்ர வண்டி' என்று சிரித்தவர்கள் எல்லாம் இப்போது அதில்தான் போகிறார்கள்.

எங்கள் ரூர் பகுதியில் இன்னொரு மாற்றமும் வந்தது. டுயிஸ்பேர்க்கிலிருந்து ஹம் வரை நூறு கிலோமீற்றர் அளவில் ஒரு விரைவுச் சைக்கிள் பாதை திட்டமிடப்பட்டது. ஹம் என்றால் நேயர்கள் எல்லோருக்கும் காமாட்சி அம்மன் கோயில்தான் ஞாபகம் வரும். தேருக்குச் சைக்கிளிலேயே போகலாம் என்று நான் பலரிடம் சொல்லித் திரிந்தேன். பாதை இன்னும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஆனால் மியூல்ஹைமுக்கும் எசனுக்கும் இடையில், பழைய சரக்கு ரயில் பாதையின் மேல் போடப்பட்ட துண்டு 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. நான் வேலைக்குப் போவது அதில்தான். வீட்டிலிருந்து 12 கிலோமீற்றர், சிக்னல் மிகக் குறைவு. காலையில் கிரேனும் கொக்குமாக ஒரு பழைய தொழிற்சாலை உலகத்துக்கு நடுவால் போகிறேன்.

சரி, முதலாவது கேள்விக்கு வருவோம். எதை வாங்குவது?

முதலில் உங்கள் தூரத்தைக் கணக்குப் பாருங்கள். சமதரையில் சாதாரண உதவியோடு ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 வாற் மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். மேடும் எதிர்காற்றும் இருந்தால் 15 வரை போகும். எனக்குப் போய்வர 24 கிலோமீற்றர், அதாவது நாளுக்கு 240 வாற் மணி. 500 வாற் மணிப் பற்றறி இரண்டு நாளுக்குப் போதும். குளிர்காலத்தில் பற்றறி சோர்ந்துவிடும். வருடங்கள் போகப் போகக் கொள்ளளவு குறையும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் நாலைந்து வருடத்துக்குப் பிறகும் என்னை வேலைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும். 750 வாற் மணிப் பற்றறிதான் வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். மலை ஏறப் போகிறவர்களுக்கு அது சரி. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேலைக்குப் போகிறவர் பல நூறு யூரோவையும் கூடுதல் பாரத்தையும் வீணாகச் சுமக்கிறார் என்பது என் எண்ணம். மின்சாரச் செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்: வருடத்தில் 220 நாள் ஓடினால் ஏறத்தாழ 20 யூரோதான் வரும்.

மோட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே பதில் இல்லை. நடு மோட்டர் மேட்டில் நல்லது, பாரம் நடுவில் இருப்பதால் ஓட்டம் சமநிலையாக இருக்கும். ஆனால் மோட்டரின் பலமும் செயினூடாகவே போவதால் செயின் விரைவாகத் தேயும். சில்லு மோட்டரில் செயினுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, விலையும் குறைவு. ஆனால் பின்சில்லில் மோட்டர் இருக்க ஓட்டை விழுந்தால் சில்லைக் கழற்றுவது தலையிடி. இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது உணரியை. யமஹா 1993 இல் வைத்தது கால் பலத்தை அளக்கும் உணரி. மலிந்த வண்டிகள் சிலவற்றில் இருப்பது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் உணரி. அது நீங்கள் மெல்லச் சுற்றினாலும் தள்ளிவிடும். தை மாதத்து உறைபனியில், வளைவில் அப்படித் தள்ளினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்க முன்பு ஒரு தடவை ஓடிப் பாருங்கள். ஓட விடாத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்தது, யார் திருத்துவார்கள் என்ற கேள்வி. எனக்குத் தெரிந்த ஒருவர் இணையத்தில் எழுநூறு யூரோவுக்கு ஒன்றை எடுத்தார். இரண்டாம் வருடம் அதன் திரை செத்துவிட்டது. மூன்று கடைக்காரர் கையைத் தொடவே மறுத்துவிட்டார்கள், உதிரிப்பாகம் இல்லை என்று. மலிவு வண்டிக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒல்லாந்தின் வன்மூவ் விலையுயர்ந்த, அழகான வண்டி. பாகங்கள் எல்லாம் அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு. 2023 ஜூலையில் அந்த நிறுவனம் வங்குரோத்தானது. வண்டியின் மின்பூட்டு தொலைபேசிச் செயலியோடு இணைந்தது. அந்தச் செயலி நின்றுபோனால் என்ன செய்வது என்று சொந்தக்காரர்கள் பதறினார்கள். போட்டி நிறுவனமொன்று, பூட்டின் திறவுகோலைப் பிரதி எடுத்து வைக்க ஒரு செயலி செய்து கொடுத்தது. பிறகு வேறொரு நிறுவனம் வன்மூவை வாங்கியது. ஊரில் ரலியும் லுமாலாவும் ஏன் இத்தனை காலம் ஓடின? எந்தச் சந்தியிலும் எந்தக் கடைக்காரனும் திறக்கக்கூடிய நட்டுகள். அந்தப் பழைய கண்ணோடு புதிய வண்டியைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கடையில் திருத்தக்கூடிய மோட்டர்தான் உங்களுக்கு நல்ல மோட்டர்.

விலையைக் கேட்டுத் திகைக்காதீர்கள். 2023 இல் ஒரு மின் சைக்கிளின் சராசரி விலை 3000 யூரோவுக்குச் சற்றுத்தான் குறைவு. இங்கேதான் 'டீன்ஸ்றாட்' எனப்படும் வேலைத்தளச் சைக்கிள் வருகிறது. 2012 நவம்பரில் மாநில நிதி அமைச்சுகள், கம்பனிக் காருக்கு இருந்த வரிச் சலுகையைச் சைக்கிளுக்கும் நீட்டின. 2020 இலிருந்து வண்டியின் பட்டியல் விலையில் மாதம் 0.25 வீதத்துக்கு மட்டுமே வரி. முதலாளி மூலம் குத்தகைக்கு எடுத்து, வரிக்கு முந்தின சம்பளத்திலிருந்து மாதம் மாதம் கழிக்கிறார்கள். வழக்கமாக 36 மாதம். நல்ல திட்டம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். சம்பளம் குறைத்துக் காட்டப்படுவதால் ஓய்வூதியத்துக்கும் வேலையிழப்புப் பணத்துக்கும் போகும் பங்கும் சிறிது குறையும். மற்றது, ஆகக் குறைந்த சட்டபூர்வச் சம்பளத்தில் இருப்பவரின் சம்பளத்தை இப்படிக் கழிக்க முடியாது. அந்தச் சம்பளம் பணமாகவே கொடுபட வேண்டும். துப்புரவிலும் சமையலறையிலும் வேலை செய்கின்றவர்கள், அதாவது விடியப்புறம் நாலு மணிக்குச் சைக்கிள் உண்மையாகவே தேவைப்படுகின்றவர்கள், இந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறார்கள். முதலாளி விரும்பினால் சம்பளத்துக்கு மேலதிகமாகச் சைக்கிளைத் தரலாம். அதற்கு 2030 முடியும் வரை வரியே இல்லை. கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசு இல்லை.

இனி மாற்றங்கள். வாங்கிய வண்டியில் நாங்களாக எதை மாற்றலாம்? இங்குள்ள சைக்கிள் தொழில்துறைச் சங்கங்கள் 2015 இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. கடைக்காரர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். மோட்டர், உணரி, கட்டுப்பாட்டுப் பெட்டி, பற்றறி, திரை ஆகியவற்றை அந்த மின்தொகுதி செய்தவரின் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது. பிறேக் தொகுதி, போர்க், சட்டம் என்றால் வண்டி செய்தவரின் சம்மதம் வேண்டும். ரயர், செயின், ஹான்டில் போன்றவற்றுக்கு அந்தப் பாகத்தைச் செய்தவர் அது மின் சைக்கிளுக்கு உகந்தது என்று சொல்லியிருந்தால் போதும். சீற், பெடல், பிடி, மட்காட் எல்லாம் உங்கள் விருப்பம். என் கையால் நான் செய்தவை மூன்று: ஓட்டை விழாத தடித்த ரயர், நல்ல சீற், பின்னால் வருகிறவரைப் பார்க்க இடப்பக்கத்தில் ஒரு கண்ணாடி. இவை மூன்றும் சேர்ந்து நூற்றைம்பது யூரோ வரவில்லை. வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய பற்றறியைவிட இவைதான் உதவும். பழைய சைக்கிளுக்கு மோட்டர்ப் பெட்டி வாங்கிப் பூட்டலாமா என்றும் கேட்கிறார்கள். சட்டம் தடுக்கவில்லை, ஆனால் பூட்டுகிறவர் அந்த வண்டியைச் செய்தவராகவே கருதப்படுவார், பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு. முப்பது வருடச் சட்டமும் தேய்ந்த பிறேக்கும் 250 வாற்றைத் தாங்குமோ என்பதை முதலில் யோசியுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. சிறிய மின்துண்டு ஒன்றைப் பூட்டினால் உணரியை ஏமாற்றி, 25க்குப் பிறகும் மோட்டரை இழுக்க வைக்கலாம். இணையத்தில் விற்கிறார்கள், இளம் பிள்ளைகள் பூட்டுகிறார்கள். பூட்டிய அந்த நிமிடத்திலேயே உங்கள் சைக்கிள் சைக்கிள் அல்ல. அனுமதியில்லாத, காப்புறுதியில்லாத மோட்டர் வாகனம். காப்புறுதி இல்லாமல் மோட்டர் வாகனம் ஓட்டுவது இங்கே குற்றவியல் குற்றம்; உரிய சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லையென்றால் இன்னொரு குற்றம். ஒவ்வொன்றுக்கும் தண்டப்பணம் அல்லது ஒரு வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. யாரையாவது இடித்துவிட்டால் வீட்டில் வைத்திருக்கும் தனியார் பொறுப்புக் காப்புறுதி மோட்டர் வாகன விபத்துக்குப் பணம் தராது. காயப்பட்டவரின் வைத்தியச் செலவு வாழ்நாள் கடனாக வரலாம்.

எங்களுக்கு இன்னொரு பாரமும் சேர்கிறது. ஜேர்மன் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவர்மீது குற்றவிசாரணை தொடங்கினால், அது முடியும்வரை விண்ணப்பத்தின் முடிவைத் தள்ளிவைக்க வேண்டும் என்று பிரஜாவுரிமைச் சட்டம் சொல்கிறது. இருபது வருடம் காத்திருந்து கடைசிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு இருக்கும் குடும்பத்தில், மகன் பூட்டிய துண்டோடு தகப்பன் அவசரத்துக்கு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவது நடக்காத காரியமல்ல. வீட்டில் பிள்ளைகளிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள்; திட்டினால் உண்மை வராது.

உண்மையாகவே வேகம் வேண்டுமென்றால் நேர்வழி இருக்கிறது. 45 கிலோமீற்றர் வரை உதவுகின்ற எஸ்-பெடெலெக். அதற்குக் காப்புறுதித் தகடு வேண்டும்; வருடா வருடம் மார்ச் முதலாம் திகதி புதிய தகடு. கார் அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும், ஹெல்மெற் கட்டாயம். ஆனால் சைக்கிள் பாதையில் போக முடியாது. கார்களுக்கு நடுவில் பெருவீதியில்தான் போக வேண்டும். நான் போகும் விரைவுப் பாதையிலும் அதற்கு இடமில்லை. எனக்கு அந்தப் பாதைதான் பெரிது. 12 கிலோமீற்றரில் மிச்சப்படக்கூடிய பத்து நிமிடத்துக்காக அதை விட மனமில்லை.

கடைசியாகப் பற்றறியைப் பற்றிச் சில வார்த்தைகள். குளிர்காலத்தில் வெளியில் உறைந்து கிடந்த பற்றறியை உடனே மின்னில் போடாதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு போடுங்கள். நீண்ட நாள் ஓடாமல் வைப்பதானால் பாதியளவு மின்னோடு வையுங்கள். விழுந்து அடிபட்ட பற்றறியைப் படுக்கை அறையில் வைத்து ஏற்ற வேண்டாம். செத்துப்போன பற்றறியைக் குப்பையில் போடக் கூடாது. விற்கின்ற கடைக்காரர் காசு வாங்காமல் திருப்பி எடுக்க வேண்டும். 2023 இல் வந்த ஐரோப்பியப் பற்றறி ஒழுங்குவிதியின்படி, 2027 பெப்ரவரி 18 முதல் மின் சைக்கிள்களின் பற்றறியையும் அதற்குள் இருக்கும் கலங்களையும், கம்பனியோடு தொடர்பில்லாத தொழில்காரர் ஒருவரும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஒழுங்கைக்கு ஒருவனாக டயோட் பிடித்துக் கொடுத்த அந்தப் பெடியன்களைப் போன்றவர்களுக்கு இங்கே மறுபடி வேலை வரக்கூடும். அவசரமில்லாதவர்கள் அந்தத் திகதிக்குப் பிறகு வருகின்ற வண்டிகளைப் பார்த்துவிட்டு வாங்கலாம். விடியப்புற வேலைக்குப் போகிறவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. இலையுதிர் காலத்தில் பழைய மொடல்களை விலை குறைப்பார்கள், அப்போது போய்ப் பாருங்கள்.